சிவப்புப் பொட்டு வைத்த கட்டைகள்

பொட்டு வைத்தது பழைய கட்டைகளிலா, புதிய கட்டைகளிலா? மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வதற்கே இவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது எனக்கு. பெஞ்சில் வந்து உட்கார்ந்ததிலிருந்து பழசில்தான், பழசில்தான், சந்தேகமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், முதல் கட்டை மரத்தரையில் விழுந்து சத்தம் எழுந்ததும் அந்த உறுதி எங்கேயோ போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை. பேட்மின்டன் ஆடுகிறவர்கள் வெயில் ஏறியதும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அதற்குமேல் கூரை உயர்ந்த இந்தக் கோர்ட் எங்களுக்குத்தான், காற்று கிடையாது, வேடிக்கை பார்க்க ஆள் கிடையாது. வலை கழற்றிய இடத்துக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் திருமூர்த்தி, அந்தப் பக்கம் செபாஸ்டின், நடுவில் ஆறு கட்டைகள் அந்தரத்தில். கல்யாண வரவேற்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா, கடை திறப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போய் ஜக்ளிங் செய்கிறவர்கள் இரண்டு பேரும். கட்டையை கிளப் என்பார்கள் வெளியில், கோயமுத்தூரில் கிளப் என்றால் சீட்டாடுகிற இடம், அதனால் எங்கள் வீட்டில் கட்டை. பார்க்கிறவர்கள் கர்லாக்கட்டையா என்பார்கள், உருவம் கிட்டத்தட்ட அதுதான், கையில் வாங்கினால் ஒரு தேங்காய் மூடி கனம், உள்ளே பாதி காற்று. இந்த ஆறும் நான் செய்தது. மூன்று பழசு, மூன்று புதுசு, வெளியே ஒரே அச்சு, ஒரே வெள்ளை டேப், எது எது என்று எனக்கு மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காகக் காலையில் பிடியின் அடிக்குமிழில் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு. இப்போது எனக்கும் தெரியவில்லை.

குக்கர்தான் காரணம். சாப்பாட்டு மேஜையில் ஆறையும் படுக்க வைத்துவிட்டு பிரஷை எடுத்தேன், பழசில் வைப்போம், பழசு நமக்குத் தெரிந்தது, தெரிந்ததில் அடையாளம் வைப்பதுதான் முறை என்று நினைத்தேன், நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம், இல்லை, வந்தேறியது புதுசு, புதுசுக்குத்தான் அடையாளம் என்றும் நினைத்தேன், அதுவும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நடுவில் குக்கர் கூவியது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து மூன்றில் பொட்டு வைத்தேன். எந்த நினைப்போடு திரும்பி வந்தேன் என்பதுதான் அகப்படவில்லை. பம்ப் கம்பெனியில் டை டிசைன் செய்கிறேன், உலோகம் வார்க்கிற அச்சு, அங்கே ஒரு மயிரிழை பிசகினால் மோட்டார் மூடி உட்காராது, அதற்காக ஊரெல்லாம் என்னைத் தேடி வருவார்கள், பூங்கொடி மேடம் பார்த்தால் சரியாக இருக்கும் என்பார்கள். பூங்கொடி மேடம் பொட்டு வைத்த லட்சணம் இது. எந்திரித்துப் போய் ஒரு கட்டையை வாங்கி, பழசு சமமாக நிற்கிற புள்ளியில் விரல்மேல் படுக்க வைத்தால் போதும், புதுசாக இருந்தால் தலைப்பக்கம் சாயும், பழசாக இருந்தால் நிற்கும், ஒரு நொடியில் முடிகிற காரியம். ஆனால் நடுவில் போய் வாங்கினால் எதற்கு என்று கேட்பார். ஏற்கெனவே டேப் ஏன் எல்லாம் புதுசாச் சுத்தியிருக்குது என்று கேட்டார். அழுக்காயிருச்சுங்க என்றேன். அவர் ஒரு கட்டையைக் கையில் சுழற்றிப் பார்த்தார், அவ்வளவுதான்.

விழுகிறது. மறுபடியும். அவருடைய இடது கைக்கு வந்தது, கையில் பட்டது, பட்ட பிறகு விழுந்தது. "சாரிங்ணா, தப்பு என்ற மேல" என்கிறான் செபாஸ்டின். கட்டை உருண்டு நின்ற இடத்திலிருந்து அடிக்குமிழ் என் பக்கம் திரும்பியிருக்கிறது. பொட்டு இருக்கிறது. அப்படியென்றால் பழசு. அல்லது புதுசு. பழசு என்றால் என்ன அர்த்தம், அதை முதலில் வரிசையாக யோசிக்க வேண்டும், காலையில் பல் தேய்க்கும்போது எவ்வளவு தெளிவாக இருந்தது. பழசு விழுந்தால் கை. அவர் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டே பிடித்த கட்டைகள் அவை, அவற்றைத் தவறவிட்டால் குற்றம் கட்டையில் இல்லை. புதுசு விழுந்தால் கட்டை. நான் உள்ளே ரப்பர் வளையம் வைத்து, எடையை இரண்டு முனைக்கும் தள்ளி, சுழற்சியை மெதுவாக்கினேன் அல்லவா, அதில் எங்கேயோ பிசகு, என் டிசைன் குட்டிச்சுவர். ஆக நான் இங்கே உட்கார்ந்து வேண்டிக்கொள்ள வேண்டியது என்னவென்றால், விழுவதெல்லாம் புதுசாக இருக்கட்டும், பிள்ளையாரப்பா, என் வேலை உருப்படாத வேலையாக இருக்கட்டும். எந்தப் பைத்தியக்காரியாவது இப்படி வேண்டுவாளா என்று தெரியவில்லை, நான் வேண்டுகிறேன். ஆனால் இரண்டும் விழுந்தால்? இரண்டும் விழுந்தாலும் கை. எதுவும் விழாவிட்டால்? அதுதான் ஏற்கெனவே விழுந்துவிட்டதே.

அவருக்குப் புதுசு பிடிக்கவில்லை. அதைத்தான் போன வாரமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், "இது எனக்கு ஒத்து வல்ல புள்ள, சவசவன்னு சுத்துது, பழசையே குடு." சரி, புதுசு ஏன் வந்தது? பழசு வேகமாகச் சுற்றுகிறது என்று அவர் சொன்னதால் வந்தது. மாசி மாதத்தில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார், "ஏம் புள்ள, கட்டை கொஞ்சம் மெதுவாச் சுத்துனா நல்லாருக்குமல்லொ." நான் தட்டை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தவள். எனக்கு இப்படி ஒரு கேள்வியை யாராவது போட்டுவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். சொன்ன அன்றே கேட்டிருக்கலாம், இத்தனை வருஷம் வேகமாகத் தெரியாதது இப்போது ஏன் வேகமாகத் தெரிகிறது என்று. கட்டை அதே கட்டை. அச்சு மாறவில்லை, பிளாஸ்டிக் மாறவில்லை, பூமி இழுக்கிற இழுப்பு மாறவில்லை. நான் கேட்கவில்லை, நீளத்தையும் கனத்தையும் எழுதிக்கொண்டிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் இவருக்கு ஆடத் தெரியுமே. ஆடத் தெரிந்தவர் கூடம் கோணல் என்றால் கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கலாம் அல்லவா. அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் நிஜம். புதுசு வந்ததும் கொஞ்ச நாள் ஒன்றும் விழவில்லை, நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

அந்த மெதுவான கட்டைக்கு இப்போது ஊரெல்லாம் கிராக்கி. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் சாயந்திரம் பூங்காவில் கூடிப் பழகுகிறார்கள், அவர்களுக்கு மெதுவாகச் சுற்றினால்தான் பிடிக்க முடிகிறது, அக்கா இது மேஜிக் அக்கா என்கிறார்கள். ஒரு பல் டாக்டர் விரலில் அடி படக்கூடாது என்று பிடிக்கு ஸ்பாஞ்சு கேட்டார், செய்து கொடுத்தேன். பாண்டிச்சேரியில் கடற்கரையில் ஆடுகிற ஒரு பெண் தலைக்குள் விளக்கு எரிய வேண்டும், எரிந்தாலும் எடை கூடக் கூடாது என்றாள், பேட்டரியைப் பிடிக்குள் நீளமாகப் படுக்க வைத்து அதையும் செய்தேன். தலை நசுங்கினால் முழுக் கட்டையையும் தூக்கிப் போட வேண்டாம், தலையை மட்டும் திருகிக் கழற்றி மாற்றலாம் என்று ஒன்று வரைந்து வைத்திருக்கிறேன், அது இன்னும் பாதியில். எல்லோரும் உங்களுக்கு எப்படி இந்த யோசனை வந்தது என்கிறார்கள். வீட்டுக்காரர் கேட்டார் என்று சொல்கிறேன். அவருடைய கையை அளவெடுத்துத் தைத்த சட்டை அது, அது எப்படி ஊருக்கெல்லாம் பொருந்துகிறது என்று ஒரு நாளாவது உட்கார்ந்து யோசித்தேனா? பழகாத கைக்குப் பொருந்துகிறது. இப்போதுதான் கற்றுக்கொள்கிற, நேரத்துக்கு மூடத் தெரியாத கைகளுக்குப் பொருந்துகிறது. ஐயோ. இதை நான் நினைத்திருக்கக் கூடாது. வெயில் ஏறிவிட்டது, தகரக்கூரை சூடு, தண்ணீர் குடித்தால் சரியாகும், தண்ணீர் பாட்டில் அவர்கள் பக்கம் இருக்கிறது.

மாமாவுக்கு, அதாவது அவருடைய அப்பாவுக்கு, முதலில் சட்டைப் பொத்தான். நான் கல்யாணமாகி வந்தபோது அத்தை அவருக்குப் பொத்தான் மாட்டிவிடுவார், நான் இதென்னடா கொஞ்சல் என்று உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். அப்புறம் டம்ளர். அப்புறம் கை மடியில் கிடந்தபடியே காசு எண்ணுகிற மாதிரி ஆடிக்கொண்டிருக்கும், அவர் அதை இன்னொரு கையால் பிடித்துவைத்துக்கொண்டு டிவி பார்ப்பார். நடுக்க வாதம், மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும் என்றார் டாக்டர். மாமாவுக்கு அது ஆரம்பித்தபோது என்ன வயது? அத்தையிடம் கேட்கலாம், கேட்டால் எதற்குடி என்பார். இவர் இப்போதெல்லாம் பொத்தான் வைத்த சட்டை போடுவதில்லை. டீ-சர்ட்தான். இன்றைக்கும் நீல டீ-சர்ட். ஆனால் பயிற்சிக்கு டீ-சர்ட் போடாமல் வேறென்ன போடுவார்கள், செபாஸ்டினும்தான் போட்டிருக்கிறான். அப்படியானால் அவனுக்கும் நடுக்க வாதமா? பார், எங்கே போகிறது புத்தி. போன மாதம் சீர் வைக்கப் போனபோது வெள்ளைச் சட்டை போட்டார், பொத்தான் போட்டுத்தானே போட்டார். போட்டார். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போட்டார். ஏன் சாத்தினார்? ஏசி ஓடியது, அதனால். ஏசி ஓடியதா? சித்திரை மாதம், ஓடியிருக்கும். ஓடியிருக்க வேண்டும். கை நடுங்கவும் இல்லையே இவருக்கு, நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டேன், காபி டம்ளரை நேராகத்தான் பிடிக்கிறார், வலது கையால்.

மறுபடியும் விழுந்தது. பொட்டு இல்லை இதில். "சாரிங்ணா, நான்தான் தாழ்வாப் போட்டுட்டன்." தாழ்வாகப் போடவில்லை. எனக்கு ஆடத் தெரியாது, ஒரு கட்டையைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது, ஆனால் கட்டை எந்த உயரத்தில் வருகிறது என்பது தெரியும், அது என் தொழில். தோளுக்கு நேராக, பிடி கைக்குள் வந்து விழுகிற மாதிரி, தட்டில் வைத்துக் கொடுக்கிற மாதிரி போட்டான். முன்பெல்லாம் இவன் இப்படிப் போட மாட்டான். கருமத்தம்பட்டிக்காரன், ஏழெட்டு வருஷமாக இவரோடு ஆடுகிறான், வம்புக்கென்றே கொஞ்சம் தள்ளிப் போடுவான், இவர் எட்டிப் பிடித்துவிட்டு, "ஏன்டா, உன்ற சம்பளத்துல இதும் சேத்தியா" என்பார், இரண்டு பேரும் கூட்டத்துக்கு முன்னாலேயே சிரிப்பார்கள். இப்போது அந்தப் பேச்சில்லை. உயரமாக, மெதுவாக, இடது கைக்கு வர வேண்டியதைக்கூட முடிந்தவரை வலது பக்கம் ஒதுக்கி. எப்போதிலிருந்து? விழும்போதெல்லாம் இவன் மன்னிப்புக் கேட்கிறான், எப்போதிலிருந்து கேட்கிறான்? நான் அதை நல்ல பிள்ளை, பெரியவர்களிடம் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இவனுக்குத் தெரியும். எதிரே நின்று முகத்தைப் பார்த்து ஆடுகிறவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அப்படியானால் என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்ல என்ன இருக்கிறது என்று இவனும் என்னைப் போலவே நினைத்தானோ. அல்லது உண்மையிலேயே தாழ்வாகத்தான் போட்டானோ. நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறேன், இங்கிருந்து பார்த்தால் உயரம் சரியாகத் தெரியாது.

எண்ணிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். பொட்டு வைத்தது இத்தனை, வைக்காதது இத்தனை. அதற்குத்தானே வந்தேன். ஆனால் இன்னொரு முட்டாள்தனமும் இருக்கிறது, அது இப்போதுதான் உறைக்கிறது, உறைத்ததும் பெஞ்சிலேயே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பொட்டு வைத்ததுதான் பழசு என்ற நினைப்பில் அவருக்கு அந்த மூன்றும் செபாஸ்டினுக்கு மற்ற மூன்றும் கொடுத்து ஆரம்பிக்கச் சொன்னேனே, பிறகு இடம் மாற்றி ஆடச் சொல்லலாம் என்று. எதிரெதிரே நின்று ஆடினால் கட்டை ஒருவர் கையில் தங்குமா? ஆளுக்கு மூன்று என்பதெல்லாம் முதல் வீச்சு வரைக்கும்தான், அப்புறம் அவன் கட்டை இவரிடம், இவர் கட்டை அவனிடம், ஆறும் கலந்து சுற்றும், அதுதான் ஆட்டமே. ஆறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான், ஆட்டக்காரர்கள் ஆறு வாங்கினால் ஆறையும் ஒரே நாளில் வார்த்துக் கொடுக்கிறவள் நான். அதனால் செபாஸ்டின் கையிலும் மாறி மாறித்தான் விழுகிறது வேகமானதும் மெதுவானதும். அவன் ஒன்றையும் தவறவிடவில்லை. ஒரு கணம் எனக்குக் கோபம் வந்தது அவன்மேல், எதற்கென்றே தெரியாமல். இரண்டு விதக் கட்டையையும் கலந்து கொடுத்தால் நல்ல கையே தடுமாறும், அப்படித் தடுமாறினால் அது என் தப்பு, சோதனையே தப்பு, இதை வைத்து ஒன்றும் முடிவு செய்யக் கூடாது என்று சொல்லிக்கொள்ள எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அவன் தடுமாறவில்லை, அதற்குத்தான் கோபம். இல்லை, அவனுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை, அவனோடு ஒப்பிடக் கூடாது. ஒப்பிடத்தான் வேண்டும். எனக்குத் தலை சுற்றுகிறது, கட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் சுற்றும்.

நிறுத்திவிட்டார்கள். கட்டைகளை அப்படியே தரையில் வைத்துவிட்டு செபாஸ்டின் முகம் கழுவ வெளியே போகிறான், போகும்போது என்னைப் பார்த்து, "வெயிலு கொளுத்துதுங்க்கா, அதான்" என்றான். எது அதான்? நான் ஒன்றும் கேட்கவில்லையே. இவர் சுவரோரம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், முதுகு என் பக்கம். நான் எந்திரித்துப் போய், டேப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கிற பாவனையில், பொட்டு வைத்த ஒன்றை எடுத்தேன். விரலை நீட்டி அதன்மேல் படுக்க வைத்தேன். சாய்ந்தது. தலைப்பக்கம். அப்படியானால் புதுசு, பொட்டு புதுசில், புதுசில்தான் வைத்திருக்கிறேன், நல்லது, முதலில் நான் கவனித்தது பொட்டு வைத்ததுதானே, இல்லை, மறுபடியும் வைத்துப் பார்த்தேன், இப்போது பிடிப்பக்கம் சாய்ந்தது. என் விரல் நிற்கவில்லை. நான் சாப்பிடவில்லை காலையில், ஒரு வாய் காபியோடு வந்தேன், அதனால் இருக்கும். இரண்டு கையையும் சேர்த்து, மூச்சை அடக்கி, ஆள்காட்டி விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவை வைத்தேன். நின்றது. ஆடாமல், தராசு முள் மாதிரி நின்றது. பழசு. பொட்டு பழசில். பொட்டு வைத்ததும் விழுந்தது, வைக்காததும் விழுந்தது, ஆக பொட்டு எதில் இருந்தால் என்ன, பெஞ்சில் உட்கார்ந்து அத்தனை நேரம் அதை நினைத்து மண்டையை உடைத்துக்கொண்டதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. அது எனக்கு முன்பே தெரிந்திருந்ததோ என்னவோ. தெரிந்துதான் பொட்டையே பிடித்துக்கொண்டு தொங்கினேனோ.

"குடு" என்று பின்னாலிருந்து குரல். திரும்பினால் அவர். கட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னமோ கேட்கப் போகிறார், என்ன பதில் சொல்வது, டேப் என்பதா, எடை சரிபார்த்தேன் என்பதா என்று வாயில் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு கட்டையாக எடுத்தார், கண் வாசல் பக்கம் இருந்தது, அடிக்குமிழைப் பார்க்கவே இல்லை, லேசாக ஒரு சுழற்று, இடது பக்கம் வைத்தார். அடுத்தது, ஒரு சுழற்று, வலது பக்கம். ஆறும் முடிந்தது. இடது பக்கம் மூன்று, அடிக்குமிழெல்லாம் என்னைப் பார்த்து, மூன்றிலும் சிவப்புப் பொட்டு. வலது பக்கம் ஒன்றில்கூட இல்லை.

"இது பழசு, இது புதுசு. செரிதானா?"

"எப்பங்க கண்டுபுடிச்சீங்க?"

"மொதல்ல கையில எடுத்தப்பவே. எதோ பாக்கற, பாத்துக்கிட்டும்னுதான் உட்டுட்டன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், சண்டை போட்டிருக்கலாம், மத்தியானம் வரைக்கும் பேசாமல் இருந்திருக்கலாம், அது எங்களுக்குப் பழக்கமான வழி. அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் உடனே பிடித்துக்கொண்டேன், "அப்ப கை நல்லாத்தான இருக்குது! கண்ணால பாக்காமயே பிரிச்சு வெக்கறீங்க, இத்தினியூண்டு வித்தியாசம், என்னாலயே முடியல, மெசின் வெச்சாத்தான் தெரியும். கைல ஒண்ணும் இல்லீங்க, கட்டைய மாத்தி மாத்திக் கொழப்பிட்டன் நானு, பிடிய வேணா கொஞ்சம்..." அவர் என்னைப் பேச விட்டார். நான் பேசிக்கொண்டே போனேன், பிடியின் தடிமன், டேப்பில் சொரசொரப்பு, தலையை மாற்றுகிற அந்தப் பாதி டிசைன், அதில் எடையை இன்னும் இறக்கலாம், எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே யாரோ விற்க வந்தவள் குரலாகக் கேட்டது. அவர் இடது கையைத் தூக்கி எனக்கு முன்னால் நீட்டினார்.

"கைக்கு எல்லாம் தெரியுது புள்ள. கனம் தெரியுது, எப்ப வருதுன்னு தெரியுது. வந்துருச்சுன்னும் தெரியுது. மூடுன்னு சொன்னா மூட மாட்டீங்குது. கொஞ்ச நேரங் கழிச்சு மூடுது."

விரல்களை மடக்கிக் காட்டினார். நான்கு விரல் போயிற்று, கட்டைவிரல் யோசித்துவிட்டுப் போயிற்று. நான் பார்த்தேன். பார்த்துவிட்டேன், இனி பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. நடுக்கம் எங்கே, நடுங்கவே இல்லையே என்று நான் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது நடுக்கத்தில் ஆரம்பிக்கவில்லை, தாமதத்தில் ஆரம்பித்திருக்கிறது.

"எப்பத்துல இருந்துங்க?"

"தை மாசம் இருக்கும்."

தை. மெதுவான கட்டையை அவர் கேட்டது மாசியில். இந்தக் கணக்கு எனக்கு ஒரு நொடியில் வந்திருக்க வேண்டும், வரவில்லை, தை, மாசி என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், மாசி தைக்கு முன்னாலா பின்னாலா என்றுகூட ஒரு கணம் குழம்பினேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் முகத்தைப் பார்த்துக் கேட்டாரே, கட்டை கொஞ்சம் மெதுவாகச் சுற்றினால் நன்றாக இருக்குமே என்று, அது கட்டையைப் பற்றிய பேச்சே இல்லை. தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். "அப்பறம் எதுக்குங்க என்னையக் கட்டை செய்யச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நீ என்ன கேட்டாலும் செஞ்சு குடுத்தர்றயல்லொ. இதையும் செரி பண்ணிப் போடுவைன்னு நெனச்சன்" என்றார், பிறகு, "எனக்கு வேறெப்படிக் கேக்கறதுன்னு தெரியல" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. செபாஸ்டின் ஈர முகத்தோடு வாசலில் வந்து நின்றான், எங்களைப் பார்த்தான், உள்ளே வராமல் அங்கேயே செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றான். நான் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு யோசித்தேன், என் புத்தி அப்போதும் பிடியைத்தான் யோசித்தது, தாமதமாக மூடுகிற கைக்கு எப்படி ஒரு பிடி, வெல்வெட்டில் ஒரு சுற்று, கட்டைவிரல் தங்க ஒரு சின்னக் குழி. வெட்கமாக இருந்தது. அந்தக் குழியின் ஆழம்வரை போய்விட்டுத்தான் புத்தி திரும்பியது. திரும்பியதும் என் வாயில் இருந்த வார்த்தை வேறு, அது வெளியே வர மாட்டேன் என்றது, நான் தள்ளினேன்.

"நாளைக்கு லீவு போடறனுங்க. டாக்டர்கிட்டப் போலாம்."

அவர் கட்டைகளைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார், பழசு புதுசு என்று பிரிக்காமல், கைக்கு வந்தது வந்தபடி. ஒன்றை உள்ளே விட்டுவிட்டு, பையின் வாயைப் பிடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உள்ள டாக்டரு ரூமுக்குள்ளயும் நீ வருவையல்லொ?"

எத்தனை மேடை ஏறியிருக்கிறார், எத்தனை ஆயிரம் பேர் முன்னால் நின்றிருக்கிறார், ஒரு நாளும் என்னைக் கூட வா என்று கூப்பிட்டதில்லை, நானாகத்தான் பின்னால் போவேன். வருகிறேன் என்றேன். குரல் வரவில்லை போலிருக்கிறது, அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், நான் மறுபடியும் சத்தமாகச் சொன்னேன், வர்றனுங்க.